வெள்ளாட்டுப் பால்

அடுப்பில் பிட்டு வெந்துகொண்டிருக்கும்போதே மரியம் பீவி அதைச் சொல்லிவிட்டாள்.

"இந்த நிக்காஹ் வேணாங்க."

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த சேக் இஸ்மாயிலின் கை அந்தரத்தில் நின்றது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவருடைய தங்கை அஜ்மல் பீவி தலையைத் தூக்கினாள்.

"எந்த நிக்காஹ்?" என்று கேட்டார் இஸ்மாயில், தெரியாதவர்போல.

"நம்ம அலீமுக்கும் சாதிகாவுக்கும் பேசியிருக்கீகளே, அதுதான்."

முந்தைய நாள்தான் பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் மகன் அப்துல் அலீம், தங்கை மகள் சாதிகா. ஒரே வீட்டில் வளர்ந்த முறைப்பிள்ளைகள். அஜ்மலின் கணவர் சிஹாபுதீன் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் குண்டு விழுந்து ஊரே கிளம்பியபோது நடந்து வந்த கூட்டத்தோடு அவரும் கிளம்பி, வழியிலேயே மவுத்தாகிவிட்டார். தகப்பனில்லாத பெண்ணை வெளியே ஏன் தேட வேண்டும், என் மகனுக்கே முடித்துவிடுகிறேன் என்று இஸ்மாயில் சொன்னதும், அஜ்மல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் மரியம் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஏன் வேணாம்?"

"மனசு ஒப்பலை."

"மனசு ஒப்பலையா? ஒப்பாததுக்கு ஒரு காரணம் இருக்குமுல்ல. அதைச் சொல்லு."

மரியம் பிட்டுக் குழாயைப் பார்த்தபடி நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது.

அஜ்மல் திருவலகையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "மதினி, என் மக மேல என்ன குத்தம் கண்டீக?"

"அவ மேல ஒரு குத்தமும் இல்ல, அஜ்மலு."

"அப்ப என் மேலதான். அண்ணன் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டுக் கிடக்கிறவ மக, உங்க மகனுக்குச் சரிப்படாதுன்னு நினைக்கிறீக. இம்புட்டு வருசமும் மனசுக்குள்ள பொத்தி வச்சிருந்தது இன்னைக்குத்தான் வாய்க்கு வருது..."

"அப்படி நான் ஒருநாளும் நினைச்சதில்ல."

"நினைக்காமயா சொல்லுறீக? அவுக உசுரோட வந்திருந்தா இந்தப் பேச்சு உங்க வாயில வருமா?"

இஸ்மாயில் மனைவியின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் கோபம் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் வரும். "காரணத்தைச் சொல்லு, கேக்குறேன். சொல்ல மாட்டேன்னா, இந்த வீட்டு சகன்ல இனி உனக்கு இடமில்ல."

சகன் என்பது அந்த வீட்டின் பெரிய பித்தளைத் தட்டு. இஸ்மாயிலின் தாயார் கீழக்கரையிலிருந்து வாழ வந்தபோது கூடவே கொண்டுவந்த வழக்கம். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கையிட்டுச் சாப்பிடுவார்கள். மரியம் மருமகளாக வந்த நாளிலிருந்து தனித்தட்டில் சாப்பிட்டதில்லை.

அன்று காலை அஜ்மல் ஓர் ஈயத்தட்டில் பிட்டை வைத்து, மரியமைப் பார்க்காமல், பின்கட்டில் அவள் ஒதுங்கியிருந்த நார் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

*

சொல்ல முடியாத காரணம் அந்த நார் அறைக்குள்தான் இருந்தது.

சிம்மக்கல்லில் இஸ்மாயிலுக்குக் கயிற்றுக்கடை. மேற்கே காளவாசலுக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தண்ணீர் இறைக்கும் கமலை வடமும் மாட்டுக்கயிறும் வாங்கிப் போவார்கள். மலையாளத்திலிருந்து வரும் தேங்காய் நார்ப்பொதிகளை வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் அடுக்கி வைப்பது வழக்கம். பின்சந்தைப் பார்த்த ஒரு கதவும், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னலும் அதற்கு.

சாதிகா பிறந்த வருஷம் அது. அலீம் அப்போது நடை பழகி ஓடித்திரிகிற பிள்ளை. மரியமுக்கு இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்து, பேர் வைக்கும் நாளுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டது. குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன சில நாளிலேயே அஜ்மலுக்குப் பிரசவம் ஆனது. பிரசவத்தோடு ஜன்னியும் கண்டது. பெற்ற பிள்ளையைக் காட்டினால், "யார் புள்ள இது? என்கிட்ட ஏன் கொண்டாறீக?" என்று கத்தினாள். ஒருமுறை பாயிலிருந்து பிள்ளையைத் தள்ளியே விட்டாள். ஹக்கீம் வந்து பார்த்தார். தெளிந்துவிடும், ஆனால் தெளிந்த பிறகு யாரும் இதை நினைவுபடுத்தக் கூடாது, மறுபடி கலங்கினால் மீட்பது கஷ்டம் என்று சொல்லிப் போனார். சிஹாபுதீன் வீட்டாருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்று தலாக் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஆட்டுப்பால் வாங்கிப் புகட்டிப் பார்த்தார்கள். குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது. அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. மரியமுக்கோ பால் கட்டி நெஞ்சு கனத்துக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. மாமியார் குழந்தையைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு நார் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை அவள் மடியில் போட்டார்.

இஸ்மாயில் நார் வாங்கக் கொல்லத்துக்குப் போயிருந்த சமயம். அவருக்கும் தெரியாது. குழந்தை கஞ்சி குடிக்கப் பழகும்வரை, "ஆட்டுப்பால் புகட்டிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு மாமியாரும் மருமகளும் அந்த அறைக்குள் போய்வந்தார்கள். பால்காரி தினமும் வந்தாள். அவள் கொண்டுவந்த பாலைப் பூனை குடித்தது. மாமியார் சாகும்போதும் மரியமின் கையைப் பிடித்து, "அஜ்மலுக்குத் தெரியவே கூடாது" என்று இன்னொரு முறை சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாதிகா வெள்ளாட்டுப் பால் குடித்து வளர்ந்தவள் என்பது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. அவள் மாடிப்படியில் தாவித் தாவி ஏறினால், "பின்ன, குடிச்ச பாலு அப்படி" என்று அஜ்மலே சிரிப்பாள். மரியமும் கூடச் சிரிப்பாள்.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் ஹராம், மார்க்கம் விலக்கியது. இது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது, பால் குடித்த சங்கதி மட்டும்தான்.

*

மரியம் நார் அறையிலேயே படுத்துக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் வீடு எப்போதும்போல நடந்தது. அம்மியில் மசாலா அரையும் சத்தம் வரும். இன்றைக்கு மல்லி அதிகம் என்று வாசனையிலேயே அவளுக்குத் தெரியும். அலீம் கடைக்குக் கிளம்பும்போது செருப்பைத் தட்டிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்கும். முன்பெல்லாம், "அம்மா, போயிட்டு வாரேன்" என்பான். இப்போது செருப்புச் சத்தம் மட்டும்தான். சில வேளை எல்லாரும் எதற்கோ சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமல் அவள் முகமும் மலர்ந்து, பிறகு தன்னாலேயே அடங்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் நடமாடிய வீடு. அவள் இல்லாமலும் அதில் எல்லாம் நடந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சும்மா இருக்க முடியாமல் பொதியிலிருந்து உதிர்ந்த நாரை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தாள். முதலில் முடிச்சு முடிச்சாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி திரித்தாள். உள்ளங்கை கன்றிப்போனது. கை வேலையில் இருக்கும்போது மனம் தனியாக எங்கேயோ போனது. வேலைக்கு நடுவே மனத்தைப் போக விடும் பழக்கம் அவளுக்கு இருந்ததே இல்லை. வீட்டில் அடுத்த வேளைச் சமையல் இருக்கும், அடுத்த ஆளுக்குக் காய்ச்சல் இருக்கும்.

ஒருநாள் பிற்பகல், ஜன்னல் வெயில் நார்ப்பொதி மேல் விழுந்திருந்தபோது, தன்னையறியாமல் அவள் ஒரு பேரைச் சொன்னாள்.

"பல்கீஸ்..."

செத்துப்போன குழந்தைக்கு அவள் மனத்துக்குள் வைத்திருந்த பேர். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நேரமும் இருந்ததில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போன ஈரம் காயுமுன் இன்னொரு பிள்ளை மடியில் வந்து விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை பசியோடு குடித்தபோது, செத்த பிள்ளைக்காக அழுவது பாவம் என்று தோன்றியது. அப்படியே தள்ளிப்போட்டதுதான். இப்போது இந்த அறையில், யாரும் எட்டிப் பார்க்காத பகலில், அவள் தன் மகளுக்காக அழுதாள். நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவி, அசர் தொழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரித்தாள். அன்றைக்குத் திரித்த கயிறு சீராக வந்திருந்தது.

தண்ணீர்ச் செம்போடு வந்த சாதிகா அதைத் தொட்டுப் பார்த்தாள். "மாமி, மாமா கடைக் கயிறவிட இது நல்லாருக்கே."

"இங்கிட்டு வராதே. உங்கம்மா வையும்."

"வையட்டும்." பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "மாமி, உங்களுக்கு என்னைப் பிடிக்காதா?"

"உன்னைப் பிடிக்காம வேற யாரைடி எனக்குப் பிடிக்கும்?"

"பின்ன ஏன் வேணாங்கிறீக? வெள்ளாட்டுப் பால் குடிச்சவ, வந்து முட்டிருவேன்னு பயமா?"

மரியமுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெண்ணின் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு நிக்காஹ் ஆகணும்னு ஒண்ணும் அவசரமில்ல மாமி," என்றாள் சாதிகா மெதுவாக. "ஆனா எங்கம்மா அழுவுது. எங்கத்தா மவுத்து சேதி வந்தப்பக்கூட இப்படி அழுவல. அன்னைக்கு எந்திரிச்சு, எனக்குச் சோறு போட்டு, தலை பின்னி விட்டுச்சு. இப்பத்தான் ஓயாம அழுவுது."

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு அறையிலேயே நின்றது.

அன்றைக்கு எந்திரித்துச் சோறு போட்டாள். ஆமாம். ரங்கூன் செய்தி வந்தபோது அஜ்மல் கலங்கவில்லை. எப்போது உடைவாளோ என்று வீடே அவளைச் சுற்றிப் பதறி நின்றபோது, அவள்தான் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இதை மரியம் தன் கண்ணால் பார்த்தவள். பார்த்தும், அவளைப் பழைய ஜன்னிக்காரியாகவே மனத்தில் வைத்திருந்தாள். ஏன்? மாமியாருக்குச் செய்த சத்தியம் மட்டும்தானா? தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சுமப்பதில் தனக்கும் ஒரு பெருமை இருந்ததோ? யாருக்கும் தெரியாமல் இந்த வீட்டைத் தாங்குகிறவள் நான் என்று உள்ளே ஒரு நினைப்பு இருந்ததோ? மரியம் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது போகவில்லை.

*

வியாழக்கிழமை காலையில் அலீம் வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அம்மா, நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல்லயே நிக்காஹ்னு அத்தா முடிவு பண்ணிட்டாக. உங்க சம்மதம் தேவையில்லைன்னு சொல்லிட்டாக."

மரியம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்காச்சும் காரணத்தைச் சொல்லுங்க. தெருவுல தலை காட்ட முடியலை. 'என்ன மாப்ள, உங்கம்மா பெரிய எடமாப் பாக்குதாமே'ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்கத்தா எங்க?"

"முன்கட்டுல. பந்தலுக்கு ஆள் வந்திருக்கு."

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். இனி சத்தியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சொல்லிவிட வேண்டும். ஆனால் இஸ்மாயிலிடம் அல்ல. முதலில் அஜ்மலிடம். அது அவளுடைய சங்கதி.

முன்கட்டில் அஜ்மல் மகளின் புதுத் தாவணியை மடித்துக்கொண்டிருந்தாள். சாதிகா பக்கத்தில் நின்றாள். இஸ்மாயில் வாசற்படியருகில் இருந்தார்.

"அஜ்மலு, உன்கிட்டத் தனியா ஒரு பேச்சு பேசணும்."

"பேச்செல்லாம் முடிஞ்சுபோச்சு மதினி."

"முடியலை. உள்ள வா."

"எதையும் இங்கன வச்சே பேசுங்க. ஒளிச்சுப் பேச எனக்கு ஒண்ணுமில்ல."

மரியம் வாயைத் திறக்குமுன் வாசலில் ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது.

"மாப்ள, இருக்கீகளா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு விருமாண்டி வந்தார். காளவாசல் பக்கத்துச் சம்சாரி, இஸ்மாயிலை மாப்ள என்றே கூப்பிடுகிறவர். வடம் வாங்க வருகிற பழைய வாடிக்கை. பின்னால் அவர் மனைவி பாண்டியம்மாள், ஒரு வெள்ளாட்டுக் குட்டியை இடுப்பில் பிள்ளைபோல வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் இந்த வீட்டுக்கு ஆட்டுப்பால் ஊற்றியவள் அவள்தான்.

"கடையில சொன்னாக, கல்யாணம்னு. நான் வெறுங்கையா வரலாமா? என் ஆட்டுப் பாலைக் குடிச்சு வளந்த புள்ளைன்னு இந்தத் தெருவே சொல்லுது." குட்டியை இறக்கி, அதன் கயிற்றைச் சாதிகாவின் கையில் கொடுத்தாள். "இந்தா தாயி, ஒனக்குத்தான்."

அஜ்மலின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "உன் ஆடு இல்லாட்டி என் மக ஏது பாண்டியம்மா?"

"அட போங்க பாயம்மா," என்று பாண்டியம்மாள் கையை வீசினாள். "என் ஆட்டுப் பாலை அந்தப் புள்ள என்னைக்குக் குடிச்சிச்சு? அம்புட்டையும் உங்க வீட்டுப் பூனையில்ல குடிச்சுக் கொழுத்துச்சு. உங்க ஆத்தாதான் வெளிய சொல்லாதேன்னு வாயக் கட்டிப் போட்டுச்சு. இப்பத்தான் கல்யாணமே வந்துருச்சே, இனி என்ன ஒளிவு மறைவு? பின்சந்துக் கதவுல நானே பாத்தேன். இந்தா நிக்கிறாகளே மரியம்மா, இவுக மடியில போட்டுல்ல புள்ளைக்குப் பால் கொடுத்தாக." அவள் மரியமின் கையைப் பிடித்து, எல்லாரையும் பார்த்து முகம் நிறையச் சொன்னாள். "தாய்ப்பால் கொடுத்தவகளே மாமியாரா வாராக. இந்தக் குடுப்பினை எந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும், சொல்லுங்க!"

பந்தல்காரன் மூங்கிலைக் கீழே வைத்தான்.

தன் ஊரில் வாழ்த்தாக இருக்கும் ஒரு சொல், இந்த வீட்டில் என்ன செய்தது என்று பாண்டியம்மாளுக்கு விளங்கவில்லை. சிரித்த முகத்தோடு ஒவ்வொருவரையும் பார்த்தாள். அலீம் சாதிகாவைப் பார்த்தான், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன தாயி, தப்பா எதுவும் சொல்லிட்டனா?"

"தப்பில்ல பாண்டியம்மா," என்றாள் மரியம். "நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்ட."

இஸ்மாயில் வாசற்படியை விட்டு உள்ளே வந்தார். "உண்மையா மரியம்?"

"உண்மைதான். அந்த நார் அறையிலதான்."

"இதை என்கிட்ட..."

அவர் முடிக்கவில்லை. அஜ்மல் மடித்த தாவணியை அப்படியே பாயில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது.

*

பந்தல்காரன் போய்விட்டான். விருமாண்டியும் பாண்டியம்மாளும் தயங்கித் தயங்கிக் கிளம்பினார்கள். மரியம் அஜ்மலின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். நண்பகலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். எழுந்து தொழுதுவிட்டு வந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு ஹக்கீம் சொன்னது நினைவுக்கு வந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

இஸ்மாயில் அருகில் வந்து நின்றார். "மரியம், நான் உன்னை..." என்று ஆரம்பித்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "பிறகு பேசிக்கலாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அவருக்காகக் காத்திருந்த அந்தப் பழைய குரலும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

முற்றத்தில் ஆட்டுக்குட்டி கத்தியது. "அதுக்குக் கீரை போடு," என்று சாதிகா சொல்வது கேட்டது. "ஏன், நீ போட மாட்டியா?" என்றான் அலீம். "தங்கச்சி சொன்னா அண்ணன்தான் கேக்கணும்," என்றாள் அவள். அவன் எழுந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

வெயில் சாயும் நேரத்தில் தாழ்ப்பாள் திறந்தது. அஜ்மலின் கண் வீங்கியிருந்தது. பார்வை தெளிவாக இருந்தது.

"அது கனவுன்னு நினைச்சேன் மதினி," என்றாள். "என் புள்ளைய யாரோ தூக்கிக்கிட்டுப் போறாக. ஒரு கதவு சாத்துது. அழுவுற சத்தம் நின்னுபோவுது. புள்ள செத்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டு நான் கிடக்கேன். இம்புட்டு வருசமும் அப்பப்ப வரும் அந்தக் கனவு. பயந்துபோய் எந்திரிச்சு சாதிகா மூச்சைத் தொட்டுப் பாப்பேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னாப் பைத்தியம்னு சொல்லுவீகளோன்னு..."

"அஜ்மலு..."

"சொல்லியிருக்கலாமுல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கதவுக்கு அங்கிட்டு என் புள்ள பசியாறிக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைக் கண்ணாடிச் சாமானாட்டம் வச்சுக்கிட்டீக எல்லாரும். நாளைக்கு இந்தப் பாவமும் நடந்திருக்கும். நீங்க நேத்து மவுத்தாகியிருந்தா யாரு தடுத்திருப்பா?"

"தப்புத்தான்," என்றாள் மரியம். "உன்னைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டேன்."

"காப்பாத்துனீக. அதையும் நான் இல்லைங்கல." அஜ்மல் அழவில்லை. மரியமின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, கன்றிப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மஃரிப் தொழுகை முடிந்து மரியம் நார் அறைக்கே திரும்பினாள். முன்கட்டுக்கு வரச் சொல்லி இஸ்மாயில் ஆள் விட்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். ஆனால் இந்த அறையைத் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும், பகலில் கொஞ்ச நேரமாவது இங்கே உட்கார்ந்து திரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கதவு தள்ளப்பட்டது. அஜ்மல் இரண்டு கையாலும் சகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் சாதிகா விளக்கோடு வந்தாள். அஜ்மல் தட்டை நார்ப்பொதிகளுக்கு நடுவே இறக்கி வைத்து, அதன் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். சோற்றின் ஆவி மேலே எழுந்தது.

"கைய வைங்க மதினி."

மரியம் கை வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அஜ்மல். "என் மக குடிச்ச பாலு, உங்க மகளுக்கு ஊறுன பாலு. நான் அப்ப நினைப்பில்லாமக் கிடந்தேன். அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தீக?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மரியம் அந்தப் பேரை இந்த அறையில் தனியாக எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தாள். அதனால் இப்போது குரல் நடுங்கவில்லை.

"பல்கீஸ்."

"பல்கீஸ்," என்று அஜ்மல் திருப்பிச் சொன்னாள். சாதிகாவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

இன்னொரு வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததைக் கேட்ட பிறகுதான் மரியம் சகனில் கையை வைத்தாள்.